பெட்டிக்குள் ஓடிய தண்ணீர்

புத்தகங்களை வாசித்துக் குரல் பதிவு செய்வது அக்காவின் தொழில். கம்ப்யூட்டரின் ஃபேன் இரைச்சல் பதிவில் விழுகிறதென்று ஸ்டூடியோக்காரர்கள் திருப்பி அனுப்பவே, தம்பி ஃபேனைக் கழற்றிவிட்டு, பிராசஸரின் சூட்டைக் குழாயில் ஓடும் தண்ணீர் இழுத்துக்கொள்ளும்படி மாற்றினான்.

"தண்ணியையும் கரண்டையும் ஒரே பெட்டிக்குள்ள வைக்கிறியேடா?"

"உலகம் பூரா வைக்கிறாங்கக்கா. ஃபேன்னா கத்திக்கிட்டே இருக்கும். இது பெட்டிப்பாம்பா கெடக்கும்."

அந்தப் பேச்சுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சத்தம் என்னவோ அடங்கிவிட்டது. பயம் அடங்கவில்லை. ஃபேன் நின்றால் காது சொல்லிவிடும். இது பழுதானால் யார் சொல்வார்கள்? வாசிப்புக்கு நடுவே மேஜைக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் ஹெட்ஃபோனில் 'களக்' என்று மெல்லிய சத்தம். தன் வயிறுதான் என்று நினைத்துத் தொடர்ந்தாள். அடுத்த பக்கத்தில் திரை அசையாமல் நின்றது. குனிந்தாள். குழாய் சேருமிடத்தில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. வெறுங்காலுக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது.

அதை அணைக்கும் சுவிட்ச், பெட்டிக்குப் பின்னால் சுவரை ஒட்டி இருந்தது. நீட்டிய கை பாதியிலேயே நின்றுவிட்டது. வீட்டில் வேறு யாருமில்லை. காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு மேஜையை உந்தி, சக்கர நாற்காலியோடு பின்னால் உருண்டு, காய்ந்த தரையில் இறங்கி, முன்வாசலுக்கு ஓடி மெயினை அணைத்தாள்.

தம்பி வந்து சேரும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவன் பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தான். தண்ணீர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் இறங்கியிருந்தது. அவள் கை நீட்டிய சுவிட்ச் அதில்தான் இருந்தது.

"கை வச்சியாக்கா?"

"வைக்கல."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே ஒரு கார்டு கருகியிருந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தான். அன்றைய வாசிப்பைத் தவிர மற்றதெல்லாம் தப்பியிருந்தது. மறுநாள் பழையபடி ஃபேனையே பொருத்தி, பெட்டியை அடுத்த அறையில் வைத்து, நீளமான கேபிளைக் கதவிடுக்கு வழியாக இழுத்துக் கொடுத்தான்.

அழிந்துபோன அத்தியாயத்தை அக்கா மறுபடி வாசித்தாள். பதிவைக் கேட்டுப் பார்த்த தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"இரைச்சல் இல்லக்கா. குரல்தான் நடுங்குது. நாளைக்கு எடுத்துக்கலாமா?"

"வேணாம்," என்றாள் அக்கா. "நீ இங்கயே இரு. இன்னொரு தடவ படிக்கிறேன்."