திருத்தப்பட்ட பதில்

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் என் அவசரப் புத்தி; முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இணையத்தில் ஒரு வாசகர் குழுவில் என் சிறுகதையைப் போட்டிருந்தேன். தையல்காரர் என்று தன் பக்கத்தில் போட்டிருந்த ஒருவர் அதன்கீழ் கேட்டிருந்தார்: “இதை எழுத எத்தனை நாள் ஆச்சு?”

அவர் ஓர் ஆணவம் பிடித்த

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். அவரை நான் பார்த்ததே இல்லை.)

எனக்குச் சுருக்கென்றது. “நீங்க படிக்க எடுத்துக்கிட்டதைவிடக் கம்மிதான்” என்று பதில் போட்டேன். பதினொரு பேர் சிரிப்புக்குறி இட்டார்கள். உச்சி குளிர்ந்துபோனது.

2

மருந்துக்கடை வேலை முடிந்து வந்த மனைவியிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

“ஏங்க, அவரு என்ன தப்பா கேட்டாரு?”

“நக்கல் தெரியலையா உனக்கு?”

“டாக்டர் எழுத்து புரியலேன்னா நான் இஷ்டத்துக்கு மாத்திரை குடுக்கறதில்ல. போன் போட்டுக் கேப்பேன். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

(மேலும் நீளமாகப் பேசினாள். ஆசிரியரின் மானம் கருதி வெட்டப்பட்டது.)

பதிலைத் திருத்தினேன்: “பதினஞ்சு நாள். ஏன் கேக்கறீங்க?” அப்பாடா!

3

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நல்லவன். ஆனால் நான் திருத்துவதற்குள் தையல்காரர் எழுதிவிட்டிருந்தார்: “மன்னிச்சுக்கோங்க. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். மூணு நாள் ஆச்சு.”

புதிதாக வந்தவர்களுக்கு என் பணிவும் அவருடைய மன்னிப்பும் மட்டுமே தெரிந்தன. ஒருவர் கேட்டார்: “கதை எழுதினவரு மரியாதையாத்தானே கேட்டாரு? இந்தத் தையல்காரருக்கு என்ன ஆச்சு?” அதற்கும் நாலு சிரிப்பு.

என் முகத்தைக் கழுவிய தண்ணீரை அவர் தலையில் ஊற்றியிருந்தேன்.

பழைய வாக்கியத்தை மறுபடி போட்டு, கீழே எழுதினேன்: “நான் முதல்ல எழுதினது இதுதான். தப்பு என்னோடது. அவர் மேல ஒண்ணும் இல்ல.” சிரித்தவர்களில் இரண்டு பேர் குறியை எடுத்துவிட்டார்கள்.

4

மறுநாள் காலை தையல்காரர் எழுதினார்: “பரவால்ல சார். நானும் ஒரு கதை எழுதறேன். நாலு மாசமா ரெண்டு வரிதான் ஆகியிருக்கு. எல்லாருக்கும் இப்படித்தானான்னு கேட்டேன்.”

கூடவே அந்த இரண்டு வரிகள்:

“என் அண்ணன் கல்யாணத்துக்குக் கோட்டு தைத்தது நான்தான். அதைப் போட்டுக்கொண்டு அவன் மண்டபத்துக்கு வரவில்லை, வேறு ஊருக்கு ஓடிவிட்டான்.”

எட்டிப் பார்த்த மனைவி, “ஐயையோ, அப்புறம்?” என்றாள்.

நான் அவருக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுத்தேன் என்று முடிக்கலாம். சகிக்காது. மூன்று பதில்கள் எழுதி மூன்றையும் அழித்தேன். அவர் காத்திருக்கிறார். நீங்களே ஏதாவது எழுதிப் போடுங்கள். அண்ணன் எங்கே போனான் என்பதை மட்டும் மறக்காமல் கேளுங்கள்.