ஏழாம் எண் விண்ணப்பம்

அவளுக்குப் பேட்டியம்மா என்ற பட்டப்பெயரை வைத்ததே பெரிய மேடம்தான். பேட்டியம்மா அந்த ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து நாலு வருடம் ஆகவில்லை. அதற்குள் எந்தத் தொலைக்காட்சியைப் போட்டாலும் அவள் முகம். ஏழைப் பிள்ளைகள் படித்து முடித்தும் ஏன் நல்ல வேலையில் நிலைப்பதில்லை என்று இருபத்தாறு வருடம் ஊர் ஊராக அலைந்து விசாரித்தது பெரிய மேடம். மைக்கைப் பிடித்தது அவள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'வாசலைத் திறந்துவிட்டால் போதாது, உள்ளே நாற்காலியும் வேண்டும்' என்று மேடம் முதல் அறிக்கையில் எழுதிய வரியைச் சொந்தச் சரக்கு மாதிரி மேடைக்கு மேடை அவிழ்த்துவிட்டாளே, அதில்தான் மேடத்துக்கு வயிறு எரிந்தது.

இப்போது களக்குழுத் தலைவர் பதவி காலி. பேட்டியம்மாவும் விண்ணப்பித்திருந்தாள். தங்கச்சிக்குத்தான் கிடைக்க வேண்டும் என்பது மேடத்தின் ஆசை. தங்கச்சி என்று எல்லோரும் கூப்பிடும் அந்தக் களப்பணியாளர் பதினோரு வருடமாகக் கேள்வித்தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கியவள். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். விண்ணப்பம் போடச் சொல்லி அவளை நச்சரித்ததே மேடம்தான்.

விண்ணப்பக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடும் மூவரில் மேடமும் ஒருவர். பெயரையும் படித்த கல்லூரியையும் மறைத்து எண் மட்டும் போட வேண்டும் என்று மல்லுக்கட்டி விதியாக்கியவரும் அவரே. ஆளைப் பார்த்துத்தான் மார்க் விழுகிறது என்று ஆய்வில் நிரூபித்தவராயிற்றே.

ஏழாம் எண்ணின் கட்டுரை நன்றாகவே இருந்தது. கடைசிப் பக்கத்தில் அந்த நாற்காலி வரி வந்தது. மேடத்துக்குச் சுர்ரென்று ஏறியது. என்னிடமே என் வரியா? பத்துக்கு மூன்று போட்டார். கை ஒரு கணம் தயங்கியது உண்மைதான், ஆனால் திருத்தவில்லை. அன்று மதியச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

மறுநாள் பெயர்களைத் திறந்தார்கள். இரண்டாம் எண் பேட்டியம்மா, அவளுக்கே பதவி. இரண்டு மதிப்பெண்ணில் தோற்ற ஏழாம் எண், தங்கச்சி.

மாலையில் தங்கச்சி மேடத்தின் அறைக்கு வந்தாள். அழுது முகம் கழுவியிருந்தாள்.

"அந்த நாற்காலி வரிய எதுக்கு எழுதுன?" மேடம் கேட்டார்.

"உங்க அறிக்கையப் படிச்சுத்தான மேடம் நான் இந்த வேலைக்கே வந்தேன். பேர மறைச்சாலும், அதப் பாத்தா நான்தான்னு நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு ஒரு நப்பாசை."

எத்தனை போட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம்.