ஆறாயிரத்து நானூறு காலடி

அம்மாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அவள் கையெல்லாம் சோப்பு நுரை. “நீயே எடுடி” என்றாள். வெளியாள் என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆஸ்பத்திரி நர்ஸ். அப்பாவின் கட்டில்வரை கேட்கும் குரல். “முதுகுத்தண்டு ஆபரேஷன் பண்ணிட்டு இப்படியா? நேத்து உங்கப்பா ஆறாயிரத்து நானூறு அடி நடந்ததா ஆப்ல காட்டுதும்மா. ஐநூறுதானே சொன்னோம்? ஓட்டப்பந்தயத்துக்கா போறார்?”

அப்பா தையல்காரர். இந்தப் போனில் ஆஸ்பத்திரியில் போட்டுக்கொடுத்த ஆப்பில், ஐநூறு அடி தாண்டினால் அன்றைக்கு ஒரு பச்சை டிக் விழும். பத்து டிக் சேர்ந்தால் மெஷினில் உட்காரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்பது விழுந்துவிட்டது. பாத்ரூம் போய் வருவதெல்லாம் கணக்கில் ஏறுகிறது என்று நம்பி, தினமும் சாயங்காலம் குழந்தை மாதிரி போனை வாங்கி, டிக்கை மட்டும் பார்த்துச் சிரிப்பார்.

போன் செருகியிருந்த அம்மாவின் இடுப்பைப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. சொல்லிவிடாதே என்று கட்டிலிலிருந்து தலையை ஆட்டினார். அந்த முதுகைத் தைத்த தையலை நினைத்துக்கொண்டேன்.

“அது... அம்மா நடந்தது” என்றேன்.

நர்ஸ் சிரித்து முடிக்க நேரமானது. பிறகு, பத்து டிக்கையும் முதலிலிருந்து எண்ணச் சொன்னாள். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“போன் எப்பவும் உடம்போட இருக்கணும்னாங்க. உங்க பனியன்ல பை ஏது? யார் உடம்புன்னு யாராவது சொன்னாங்களா?” என்று அம்மா பொரிந்தாள்.

வெகுநேரம் கழித்து அப்பா மெதுவாகக் கேட்டார். “ஆறாயிரத்து நானூறா? இந்த ரெண்டு ரூமுக்குள்ளயா?”

“குப்பை கொட்டப் போற படியையும் சேர்த்துக்குங்க.”

அவர் இந்தப் பக்கம் திரும்பினார். என்னைக் கூப்பிட்டு வெட்டுத்துணி ஒன்றை எடுக்கச் சொன்னார். படுத்தபடியே சாக்கட்டியால் கோடு போட்டார். பனியனில் வைத்து நான் தைத்தேன். “மெதுவா மிதி. மூலையில ரெண்டு தரம் ஓட்டு.” பை கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. “வாடிக்கையாளர் ஏத்துக்குவார்” என்றார்.

போனை அதில் போட்டுக்கொண்டு எழுந்தார். வராந்தாக் கொடிவரை நாற்பத்தோரு அடி. அம்மா ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தாள். கிளிப் டப்பாவை வாங்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

ஒரு துணி தள்ளி அம்மா நகர்ந்தாள். அப்பாவும் ஓர் அடி நகர்ந்தார்.