கூரை விளிம்பில் ஒரு கை

நூலகத்தின் செப்புக் கூரையில் முக்கால்வாசி வேலை முடிந்திருந்தபோது மாப்பிள்ளை விழுந்தார். கூரைக்காரரின் தங்கை கணவர், பதினொரு வருடம் அவரோடு ஒரே சாரத்தில் நின்றவர். தூறலில் கால் வழுக்கியது. மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

அப்போது கூரைக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். கையைக்கூட நீட்டாமல் மரம் மாதிரி நின்றுவிட்டோம் என்பதுதான் அவருடைய நினைவு. தங்கையிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து மிச்ச வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஆசிட் கலந்த தண்ணீரால் தகடுகளைத் தேய்த்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, நிறமில்லாத வார்னிஷ் பூச வேண்டும். வெறுங்கை பட்ட இடமெல்லாம் செம்பு கறுத்திருக்கும். “போலீஸ்ல ரேகை குடுத்த மாதிரி மச்சான், தப்பிக்கவே முடியாது” என்று மாப்பிள்ளை சிரிப்பார்.

விளிம்புத் தகட்டில் ஒரு முழுக் கை பதிந்திருந்தது. மாப்பிள்ளை கடைசியாகப் பிடித்த இடம் என்று கூரைக்காரர் நினைத்தார். சுற்றிலும் தேய்த்தார், அதைத் தொட மனம் வரவில்லை. மூன்றாம் நாள், இன்னும் ஏன் பூச்சு ஆரம்பிக்கவில்லை என்று மேஸ்திரி கேட்டார். கூரைக்காரர் தங்கைக்குப் போன் செய்து, வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ என்றார்.

அவள் கூரையை ஒட்டிய மாடி ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“இது அவர் கை இல்லண்ணே. அவருக்கு மோதிர விரல் பாதிதானே. இதுல அஞ்சும் முழுசா இருக்கு.”

தகடு வெட்டும் மெஷின் அந்த விரலை வாங்கிக்கொண்ட நாளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதே கூரைக்காரர்தான். இத்தனை நாளாக அது உறைக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்து, அந்தத் தடத்தின் மேல் தன் இடது கையை வைத்தார். விரலுக்கு விரல் பொருந்தியது. விரல் நுனிகள் வெளிப்பக்கம் பார்த்திருந்தன; விழுகிறவர் பிடித்திருந்தால் உள்பக்கம் பார்த்திருக்கும். அன்று இவர்தான் ஒரு கையை ஊன்றி மறு கையை மாப்பிள்ளைக்கு நீட்டியிருக்கிறார்.

“நான் சும்மா நின்னுட்டேன்னே நெனச்சிட்டிருந்தேம்மா.”

“எட்டலையாண்ணே?”

“எட்டல.”

அத்தனை நாள் கல்லாக இருந்தவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள். அவள் ஓயும்வரை அவர் கூரையிலேயே கிடந்தார். பிறகு எழுந்து துணியை நனைத்து அந்த இடத்தைத் தேய்த்தார். கறை லேசில் போகவில்லை. மூன்று முறை கழுவ வேண்டியிருந்தது.

சாயங்காலம் மேஸ்திரி ஏறிவந்து பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்றார். தங்கை போகாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். இருவரும் பஸ் நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தார்கள்.