போண்டா எழுத்து

1.
இந்தக் கதை எனக்கு நூர்நிஷாவிடமிருந்து கிடைத்தது. குற்றால அருவிக்கரையில் அவளுக்கு ஒரு சோடாக் கடை. "ஒரு பலகையால ஒருத்தன் செத்தான்னு சொல்லுதாவ. நீங்க நம்புதீயளா?" என்று கேட்டாள். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

'1961ஆம் ஆண்டு, சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு...'

வேண்டாம். சாரலில் தொடங்கினால் நீங்கள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பிவிடுவீர்கள். ஆளிலிருந்து தொடங்குகிறேன்.

2.
சொரிமுத்து தென்காசியில் கடைப்பலகை எழுதுகிறவர். அவருடைய எழுத்து தடித்தது, உருண்டது. எங்கும் ஒரு கூர்முனை கிடையாது. ஊரில் அதற்குப் போண்டா எழுத்து என்று பெயர். மிட்டாய்க் கடைக்காரர்களும் சோடாக் கடைக்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள். அருவிக்கரையில் எச்சரிக்கைப் பலகை வைக்க நினைத்த அதிகாரியும், "தூரத்துலேயே தெரியணும் வே. உம்ம எழுத்தையே போடும்" என்றார்.

'வெள்ளம் வரும்போது குளிக்காதீர்' என்று எழுதினார் சொரிமுத்து. அவர் மனைவி முத்துவடிவு பார்த்துச் சிரித்தாள்.

"இதப் பாத்தா பயமா வருது? பசில்லா வருது!"

[இந்தச் சிரிப்பை அடித்துவிடலாமா என்று மூன்று முறை பேனாவைக் கொண்டுபோனேன். பாவம், அப்போது அவளுக்கு என்ன தெரியும்?]

3.
ஆடியில் வெள்ளம் வந்தது. ராயகிரியிலிருந்து புதுமனைவியோடு வந்திருந்த பிச்சுமணியை அடித்துக்கொண்டு போயிற்று. "போண்டா எழுத்த எவன் மதிப்பான்?" என்று சந்தையில் பேச்சு எழுந்தது.

சொரிமுத்து கூர்மையான எழுத்துப் பழகத் தொடங்கினார். கை கேட்கவில்லை. ஒவ்வொரு முனையும் தானாக உருண்டது. அவர் மனம் உடைந்து...

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். அவர் உடைந்து உட்காரவில்லை. எழுதினார், அழித்தார், திரும்ப எழுதினார்.)

4.
பிச்சுமணியின் மனைவி கல்யாணசுந்தரி ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று சொரிமுத்து தலைகுனிந்து நின்றார்.

"அவுகளுக்கு வாசிக்கத் தெரியாது அண்ணாச்சி. 'ஏட்டி, அங்கன என்ன எழுதியிருக்கு'ன்னு எங்கிட்ட கேட்டாவ. நான் சரியாப் பாக்காம, 'சோடாக் கடை போர்டு'ன்னு சொல்லிட்டேன். அப்படித்தானே இருக்கு அந்த எழுத்து? எம்மேல தப்பில்லைலா? சொல்லுங்க."

என் முதல் படியில் சொரிமுத்து, "நீ சரியா வாசிச்சிருக்கணும் தாயி" என்றார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். முத்துவடிவு நூர்நிஷாவிடம் சொன்னபடி, அன்று சொரிமுத்து சொன்னது இதுதான்:

"ஆமா தாயி. எல்லாம் எம் எழுத்தால வந்தது. எவ பாத்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பா."

கல்யாணசுந்தரி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். கணவன் போன பிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.

5.
அருவிக்கரைக்குப் புதுப் பலகையை வேறொருவர் எழுதினார். சொரிமுத்து மிட்டாய்க் கடைகளுக்குத் திரும்பினார்.

அவர் நம்பிச் சொன்னாரா, அவளுக்காகச் சொன்னாரா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. நம்பினார் என்று ஒரு முடிவு எழுதினேன். அவரை நானே வெள்ளத்தில் தள்ளியதுபோல் இருந்தது. பொய் சொன்னார் என்று இன்னொன்று எழுதினேன். பழி மறுபடியும் அந்தப் பெண்ணின் தலையில் போய் உட்கார்ந்தது. இரண்டையும் அடித்துவிட்டேன்.

கல்யாணசுந்தரி ராயகிரியில்தான் இருக்கிறாள். அவள் திரும்ப ஒருமுறை வந்து, 'எம்மேல தப்பில்லைலா?' என்று இப்போது உங்களிடம் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சொல்லுங்கள்.