முகர்ந்த குற்றம்

நவத்வீபத்து மடத்தில் மதுமங்கள் தாஸ்தான் மடைப்பள்ளிச் சமையல்காரர். ராதாகோவிந்தருக்குப் படைக்கும்வரை எதையும் ருசி பார்க்கமாட்டார், முகர்ந்துகூடப் பார்க்கமாட்டார் என்று அவருக்கு நல்ல பெயர். முகர்ந்தாலும் எச்சில்தான், விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் நெய் மணக்கிற இடத்தில் மூக்கு சும்மா இருக்குமா? மதுமங்களுக்கு இருந்தது. போன மழைக்காலத்துக் காய்ச்சலில் அவர் மூக்கு செத்துப்போயிருந்தது. வெளியே தெரிந்தால் கரண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். அந்தக் கைங்கரியத்தை விட்டால் அவருக்கு வேறு கதி இல்லை.

அதனால்தான் ரசிகானந்தைக் கண்டாலே அவருக்குப் பயம். மாலை கட்டுகிறவனுக்கு மடைப்பள்ளி வாசலில் என்ன வேலை? தினமும் வந்து நிற்பான். பக்கத்தில் யாரும் இல்லாதபோது, "பிரபு, பால் அடிப்பிடிக்குது, கொஞ்சம் கிண்டுங்க" என்று மடத்து மரியாதையோடு மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

பாத்திரம் தேய்க்கிற உத்தவ் தாஸ் கண்ணைச் சிமிட்டினான். "உங்க குத்தத்தையெல்லாம் சேர்த்து வைக்கறான் பிரபு. ஒருநாள் மொத்தமா மகராஜ்கிட்ட கொட்டுவான், பாருங்க. நேத்து அவர் அறைக்குப் பூ கொண்டு போனானே, வெறும் பூவுக்கா போனான்?"

மதுமங்களுக்குத் தூக்கம் போயிற்று. முந்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று பட்டது. மடத்தலைவர் மகராஜிடம் போனார்.

"ரசிகானந்த் படைக்கறதுக்கு முன்னாடியே நைவேத்தியத்தை மோந்து பாக்கறான், மகராஜ். குறை சொல்லல. அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சொல்லும்போதே நாக்கு கூசியது. இருந்தும் சொன்னார்.

மகராஜ் ரசிகானந்தைக் கூப்பிட்டார். "மோந்தியா?"

"மோந்தேன், மகராஜ்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான். தினமும்."

"எதுக்கு?"

ரசிகானந்த் தலையைக் குனிந்துகொண்டான். இதோ போட்டு உடைக்கப் போகிறான் என்று மதுமங்கள் தூணைப் பிடித்துக்கொண்டார். அவன் வாயே திறக்கவில்லை.

"அப்போ பூக்கூடையை வச்சுட்டுப் போ. இனிமே மாட்டுக்கொட்டில்ல வேலை பாரு. சன்னதிப் பக்கம் வராதே."

ரசிகானந்த் கூடையைக் கீழே வைத்தான். வழக்கம்போல மதுமங்களை விழுந்து வணங்கிவிட்டு எழுந்தான். கண் கலங்கியிருந்தது, கோபம் துளியும் இல்லை. அதைப் பார்த்ததும் மதுமங்களை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவனை அனுப்பாதீங்க மகராஜ்" என்றார். "எனக்கு வாசனையே தெரியாது. காய்ச்சலோட போயிடுச்சு. எனக்காகத்தான் அவன் மோந்தான்."

"இது அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல" என்றார் மதுமங்கள். "எனக்கு மூக்கு இல்லன்னு என்கிட்டகூட அவன் சொன்னதில்ல."