மூன்றரைக் கிலோ

பந்தயத்தின் எட்டாவது சுற்றில் அண்ணனின் வண்டி எங்களைக் கடந்தபோது அதன் முன்கண்ணாடி பால் ஊற்றியதுபோல வெளுத்திருந்தது. வைப்பர் மழைத் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. வெளுப்பு உள்பக்கம். கையுறை போட்ட ஒரு கை உள்ளிருந்து அவசரமாகத் தேய்ப்பது தெரிந்தது. கையுறையால் தேய்க்கவே கூடாது, ஈரம் இழுபட்டு இன்னும் மோசமாகும். அடுத்த வளைவில் வண்டி திரும்பவில்லை. நேராகப் புல்லில் இறங்கிச் சேற்றில் முன்சக்கரங்கள் புதைய நின்றுவிட்டது. அதுவரை மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்த வண்டி.

"போச்சு," என்றார் மெக்கானிக். டயர் அடுக்கின் மேல் படுத்துக்கூடத் தூங்கிவிடுவார் என்பதால் குழுவில் எல்லோரும் அவரைக் குறட்டை என்றே கூப்பிடுவார்கள். இப்போது தூக்கம் சுத்தமாகக் கலைந்த முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி என் வேலை.

மழை நாளில் மூடிய வண்டிக்குள் உட்கார்ந்து ஓட்டுபவன் கொதிக்கிற கெட்டில் மாதிரி. அவன் மூச்சும் வியர்வையும் நனைந்த உடையும் ஆவியாகிக் குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படியும். அது படியாமல் பார்த்துக்கொள்ளத்தான் நான் இருந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆறு வருடம் நின்றவள், கண்ணாடியோடு எனக்குப் பழக்கம் உண்டு. பலமுறை அலசிய பருத்தித் துணி, சோப்புத் தண்ணீரில் ஒரு மெல்லிய பூச்சு, பிறகு பூச்சு இருப்பதே தெரியாத அளவுக்கு உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. அண்ணன் ஏறும்வரை அவன் காலணிக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டியிருப்பேன். ஈரக் காலோடு உள்ளே போனால் தரையிலிருந்தே ஆவி கிளம்பும். இத்தனைக்கும் மேல், டாஷ்போர்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு ப்ளோயர். குழாய் வழியாகக் கண்ணாடியின் அடியில் சூடான காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். காலை ஆறு மணிக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். காற்று முகத்தில் அடித்தது.

வண்டியைக் கட்டியிழுத்து வந்தார்கள். அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றியபோது குழுவின் முதலாளி குடை இல்லாமல் நனைந்தபடி எதிரே நின்றார்.

"என்னப்பா ஆச்சு?"

"கண்ணாடி சார். சரியாத் தொடைக்கல."

ஹெல்மெட்டுக்குள் எதையோ தொலைத்தவன்போல அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு அதைச் சொன்னான்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "ரேஸுக்காக எட்டு ஊர் சுத்தப் போறோம்மா. ஒரு வருஷம். கூட வர்ற ஒவ்வொருத்தரையும் நம்பித்தான் அவன் உள்ள உக்காரணும்," என்றார் தணிந்த குரலில். "உன் இடத்துக்கு வேற ஆள் பாக்கணும் போல. மூணு மணிக்கு ரெண்டாவது ரேஸ் இருக்கு. அதுக்குள்ள எதனாலன்னாவது கண்டுபிடி."

அந்த எட்டு ஊருக்காகத்தான் போன மாதம் கடையை விட்டேன். அண்ணன் கடைக்கே வந்து மேனேஜரிடம், இவ இல்லாம நான் வண்டியவே எடுக்க மாட்டேன் சார் என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அன்று மாலை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த எட்டு ஊர்களின் பெயர்களையும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். எதையும் நான் பார்த்ததில்லை. எல்லாவற்றிலும் மழை பெய்துகொண்டிருப்பதாகக் கற்பனை செய்துகொண்டேன். மழை பெய்தால்தானே எனக்கு வேலை.

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து என் தப்பைத் தேடினேன். நான் செய்த தப்பு என்றுதான் அப்போதுகூட நம்பினேன். சோப்பு தடித்துவிட்டதா, துணியில் எண்ணெய் பட்டிருந்ததா? விரலால் ஓர் ஓரத்தைத் தேய்த்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. ப்ளோயர் ஸ்விட்சைப் போட்டேன். டக்கென்ற சத்தம் மட்டும். ஃப்யூஸ் நன்றாக இருந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துக் கையை உள்ளே விட்டேன். குழாயின் வாயில் துணி அடைத்து டேப் சுற்றியிருந்தது. அதற்குப் பின்னால், ப்ளோயர் இருக்கவேண்டிய இடத்தில், நான்கு போல்ட் துளைகள்.

டேப்பின் நுனி சின்ன முக்கோணமாக மடிக்கப்பட்டிருந்தது. மறுபடி பிரிக்கும்போது நுனியைத் தேடவேண்டாம் என்பதற்காக. எங்கள் வீட்டில் ஒட்டப்படும் எந்தப் பார்சலிலும் அந்த முக்கோணம் இருக்கும். அதை மடிக்கிற கை ஒன்றுதான்.

காலை ஏழு மணிக்கு அவன் என்னை நாங்கள் தங்கியிருந்த அறைக்கு அனுப்பியது அப்போதுதான் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. "ஷூவ மறந்துட்டேன் பாப்பா, எடுத்துட்டு வா. மெதுவாவே வா, ராத்திரி மழைல படியெல்லாம் வழுக்கும்." காலணி கட்டிலுக்கடியில் சுவரோரம்வரை தள்ளப்பட்டிருந்தது. வயிறு தரையில் பட ஊர்ந்து போய் எடுத்தேன். திரும்பி வந்தபோது வண்டி வரிசையில் நின்றது. கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்தேன். ஸ்விட்சை இன்னொரு தரம் போட்டுப் பார்க்கவில்லை. என் தப்பு அது ஒன்றுதான்.

அண்ணன் டயர் அடுக்குகளுக்குப் பின்னால் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"ப்ளோயர் எங்கண்ணா?"

மெல்லுவதை நிறுத்தினான். "மெதுவாப் பேசு."

"எங்க?"

"என் பைல. டவல் சுத்தி வச்சிருக்கேன்." பாக்கெட்டை என் பக்கம் நீட்டினான். நான் எடுக்கவில்லை. "மூணரைக் கிலோ பாப்பா. அதுவும் முன்னாடி, அவ்வளவு உயரத்துல. அது இல்லாம வண்டி எப்படித் திரும்புதுன்னு உனக்குத் தெரியாது. சாயங்காலம் வரைக்கும் மழை கிடையாதுன்னுதான் சொன்னாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

"சரி, கழட்டினது போகட்டும். நான் சரியாத் தொடைக்கலன்னு ஏன் சொன்ன?"

பிஸ்கட் தூளை உடையிலிருந்து தட்டிவிட்டான். ரொம்ப நேரம் தட்டினான். "வாய்ல வந்திருச்சு. இனி மாத்திப் பேச முடியுமா? நல்லா யோசிச்சுப் பாரு. உனக்கு அந்தக் கடை இருக்கு, போய் நின்னா நாளைக்கே சேத்துப்பாங்க. எனக்கு இத விட்டா என்ன தெரியும், சொல்லு." பிறகு சின்ன வயதில் என் பென்சிலைக் கடன் கேட்கும்போது வரும் அதே குரலில், "மூணு மணிக்குள்ள நானே யாருக்கும் தெரியாம மாட்டிடறேன். நீ ஒரே ஒரு வாட்டி தொடைச்சு மட்டும் குடுத்துரு. உன் கை மாதிரி எவனுக்கும் வராது," என்றான்.

அவன் பொய் சொன்னதைவிட இதுதான் என்னைச் சுட்டது. என்னைப் போகச் சொல்கிறான். போவதற்கு முன் துடைத்துவிட்டுப் போகச் சொல்கிறான். அவன் நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். சேற்றில் இறங்கியதற்குப் பதிலாகச் சுவரில் மோதியிருந்தால் என்ற நினைப்பும் வந்தது. அப்படி மோதியிருந்தால் வாழ்நாள் முழுக்க நான்தான் கொன்றேன் என்று நம்பிக்கொண்டிருந்திருப்பேன்.

நான் வண்டிக்குத் திரும்பினேன். அவனும் பின்னாலேயே வந்தான். வண்டியின் மூக்கு கொட்டகைக்கு வெளியே மழையில் நீண்டிருந்தது. முதலாளி பக்கத்தில் நின்று சேறு அப்பிய முன்பகுதியைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, எதனாலன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

அண்ணன் என் தோளருகே வந்து நின்றான். அவன் மூச்சு வேகமாக வந்தது. நான் சொன்னால் அவன் மறுப்பான். அவன் பேசினால் நம்பாதவர்கள் இல்லை. இன்று காலைவரை நானே முதல் ஆள்.

"சொன்னாப் புரியாது. நீங்க உள்ள உக்காந்து பாருங்க சார்."

"நானா?"

"ரெண்டு நிமிஷம்தான்."

"உள்ள போறது சுலபம் சார், வெளிய எடுக்கத்தான் க்ரேன் சொல்லணும்," என்றார் குறட்டை. முதலாளி சிரிக்காமல் அவரை முறைத்துவிட்டு, கதவோரப் பாதுகாப்புக் கம்பிகளுக்கிடையே ஒரு காலை விட்டு, வயிற்றை எக்கி, முனகிக்கொண்டே இருக்கையில் இறங்கினார். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார்.

"பாப்பா, வேணாம்," என்றான் அண்ணன், எனக்கு மட்டும் கேட்கும்படி. என் மணிக்கட்டைப் பிடித்தான்.

பிடியோடேயே குனிந்து, "வலது கைப்பக்கம் நீல ஸ்விட்ச் சார். கண்ணாடி மறைக்க ஆரம்பிச்சா அதப் போடுங்க, காத்து வரும்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பிறகு மழையில் இறங்கி வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். கையை விடாமல் அவனும் கூடவே வந்தான். சாலை கடக்கும் சிறு பிள்ளைகள்போல இருவரும் நின்றோம்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தார், கொஞ்சம் திருப்பினார். பிறகு கண்ணாடியின் அடிவிளிம்பில் ஒரு மங்கல் தோன்றி மெல்ல மேலேறியது. அவர் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. தாடை மறைந்தது. உள்ளே டக்கென்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒரு டக். மீசைவரை வெண்மை வந்திருந்தபோது அவர் ஸ்விட்சிலிருந்து தலையை நிமிர்த்தினார். கண்கள் மட்டும் மிச்சமிருந்தன. அவை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இடமும் வெளுக்கத் தொடங்கியது.